விளையாட்டும் மூளைக் குருதிப்பெருக்கும்: அஞ்ச வேண்டியது எதற்கு?

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரை ஒருவர் தனியே எழுதியதல்ல. இக்கல்லூரியில் படித்து இன்று வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் இயன்மருத்துவர்களாகவும் கடமையாற்றும் சிலர் கூடியிருந்து பேசி ஆயத்தம் செய்தது. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

தலைப்பை நாங்கள் தேடிப் போகவில்லை. அது பெற்றோரிடமிருந்து வந்தது. "ஓடியாடி விளையாடினால் மூளையில் நரம்பு வெடிக்குமாமே, உண்மையா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். மைதானத்தில் ஒருவர் விழுந்து இறந்த செய்தி கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்தால் போதும், அடுத்த நாள் "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, பயிற்சிக்கு விடமுடியாது" என்று கடிதம் வருகிறது. பெண்பிள்ளைகளை மைதானத்திலிருந்து கூப்பிட்டெடுக்க நம் சமூகத்தில் ஏற்கெனவே காரணங்கள் குறைவில்லை. வெயிலில் கறுத்துப்போவாள், ரியூசன் பிந்திவிடும், பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் இப்போது மூளையும் சேர்ந்துவிட்டது. இது சரியான பயமா, இல்லையா என்று பார்ப்பதே இன்றைய பேச்சு.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விளையாட்டு நல்ல குருதிக் குழாயை வெடிக்கவைப்பதில்லை. ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்த குழாய் ஒன்று கடுமையான உடலுழைப்பின் வேளையில் வெடிப்பது உண்டு, அது அரிது. அதே விளையாட்டை வழக்கமாகக் கொண்டவருக்கு வாழ்நாளில் பாரிசவாதம் வரும் ஆபத்து குறைகிறது. ஆகவே அஞ்சவேண்டியது மைதானத்துக்கு அல்ல. கவனிக்காமல் விட்ட குருதி அமுக்கத்துக்கும், அலட்சியம் செய்த ஒரு தலையிடிக்குமே அஞ்சவேண்டும். இனி இதை ஒவ்வொன்றாக விளக்குகிறோம்.

வெடிப்பது எது?

'நரம்பு வெடித்துவிட்டது' என்று ஊரில் சொல்வது வழக்கம். உண்மையில் வெடிப்பது நரம்பு அல்ல, மூளைக்குக் குருதி கொண்டுபோகும் குழாய். பாரிசவாதம் இரண்டு வகைப்படும். குழாய் அடைபட்டு மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி போகாமல் நிற்பது ஒன்று. இதுவே பெரும்பான்மை. குழாய் உடைந்து குருதி வெளியே பெருகுவது மற்றது. இது எண்ணிக்கையில் குறைவு, உயிராபத்து அதிகம். மேல்நாடுகளோடு ஒப்பிடும்போது ஆசிய நாடுகளில் இந்த இரண்டாவது வகையின் பங்கு கூட என்பதையும் நாம் மனதில் வைத்திருக்கவேண்டும்.

குழாய் உடைவதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, பல வருடமாகக் கூடிநின்ற குருதி அமுக்கம். மூளையின் ஆழத்தில் மயிரிழை போன்ற சிறு நாடிகள் உள்ளன. அவற்றின் சுவர் இரவும் பகலும் அமுக்கத்தைத் தாங்கித் தாங்கித் தடித்து, நெகிழ்ச்சி இழந்து, ஒருநாள் கிழிகிறது. நடுத்தர வயதினரிலும் முதியோரிலும் நாங்கள் காணும் மூளைக் குருதிப்பெருக்கில் பெரும்பங்கு இதுதான்.

இரண்டாவது, 'அனியூரிசம்' என்று வைத்தியர்கள் சொல்லும் குழாய்ப் புடைப்பு. சைக்கிள் ரியூப்பில் தேய்ந்த இடம் குமிழ்விடுவதுபோல, மூளையின் அடிப்பாகத்திலுள்ள நாடி கிளைபிரியும் இடத்தில் ஒரு சிறு குமிழ் உண்டாகிறது. வளர்ந்தவர்களில் 100 பேரை எடுத்தால் ஏறத்தாழ 3 பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் இயற்கை எய்துகிறார்கள். வெடித்தால் மட்டும் மூளையைச் சுற்றியுள்ள நீரில் குருதி கலந்து பேராபத்தாகிறது. ஆண்களைவிடப் பெண்களில், அதுவும் 50 வயதைக் கடந்த பெண்களில், இது கூட.

மூன்றாவது, பிறவியிலேயே அமைந்த குழாய்முடிச்சு. நாடிக்கும் நாளத்துக்கும் இடையில் நுண்குழாய்கள் இருந்து அமுக்கத்தைத் தணிக்கவேண்டும். சிலருக்கு ஓரிடத்தில் அந்த நுண்குழாய்கள் இல்லாமல் நாடியும் நாளமும் நேரே பின்னிக்கொள்கின்றன. சிறுவர்களிலும் இளையவர்களிலும் அடிபடாமல் மூளையில் குருதி கசிந்தால் முதலில் தேடவேண்டியது இதைத்தான்.

இந்த மூன்றிலும் பழுது முன்பே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். விளையாட்டு அந்தப் பழுதை உண்டாக்கவில்லை.

கடைசி நிமிடத்தில் நடப்பது

பழுது முன்பே இருந்தாலும், அது இன்றைக்கு இந்த நேரத்தில் வெடிக்க எது தூண்டியது என்ற கேள்வி நியாயமானது. நெதர்லாந்தில் இதைத் தேடினார்கள். புடைப்பு வெடித்து வைத்தியசாலைக்கு வந்த 250 நோயாளரிடம், அது நடப்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வழக்கமாக அதை எத்தனை தடவை செய்வீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். ஆய்வு 2011இல் வெளியானது.

கடுமையான உடற்பயிற்சி அந்தப் பட்டியலில் இருந்தது. 100 வெடிப்புகளில் ஏறத்தாழ 8க்கு அதன் பங்கு இருந்தது. ஆனால் பட்டியலின் உச்சியில் நின்றது கோப்பி. அதன் பங்கு ஏறத்தாழ 11. பலமாக மூக்குச் சீறுவது, மலங்கழிக்க முக்குவது, திடுக்கிடுவது, கோபப்படுவது ஆகியவையும் அதில் இருந்தன. இவை எல்லாம் குருதி அமுக்கத்தைச் சில நிமிடங்களுக்கு ஏற்றிவிடுபவை என்பதே பொதுவான காரணம். தனியே ஒரு தடவையை எடுத்தால் கோப்பியைவிடக் கடும் பயிற்சியே கூடுதலாகத் தூண்டுகிறது. ஆனால் மனிதர் கோப்பி குடிப்பது அடிக்கடி, கடுமையாக ஓடுவது எப்போதாவது. அதனால்தான் மொத்தக் கணக்கில் கோப்பி முந்திக்கொண்டது.

இந்த ஆய்வைக் கேட்டுவிட்டு எந்த வீட்டிலும் கோப்பித் தூளைத் தூக்கி எறிவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. மூக்குச் சீறாதே என்று பிள்ளையை அதட்டப் போவதுமில்லை. அப்படியானால் வலைப்பந்துக் காலணியை மட்டும் ஏன் ஒளித்துவைக்கவேண்டும்?

உலகறிந்த ஓர் உதாரணம் சொல்கிறோம். ஆங்கில நடிகை எமிலியா கிளார்க் 2011 பெப்ரவரியில் இலண்டனில் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வயது 24. திடீரென்று தலையை இறுக்கிப் பிழிவதுபோல வலி. ஒருவாறு கழிவறைக்குப் போய்ச் சேர்ந்து சத்தி எடுத்தார். புடைப்பு ஒன்று வெடித்திருந்தது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். தொடையிலுள்ள நாடி வழியாகக் குழாய் செலுத்தி அந்தப் புடைப்பை அடைத்தார்கள். மூளையின் மற்றப் பக்கத்தில் இன்னொரு புடைப்பு இருந்ததும் அப்போது தெரியவந்தது. 2013இல் அதற்கும் சிகிச்சை நடந்தது. அவர் பிழைத்து, தொடர்ந்து நடித்து, 2019இல் தன் கதையைத் தானே எழுதி வெளியிட்டார். இந்தக் கதையில் உடற்பயிற்சியைக் குற்றவாளி ஆக்குபவர்கள் அந்த இரண்டாவது புடைப்பை மறந்துவிடுகிறார்கள். பழுது அவரது குழாய்களில் இருந்தது. பயிற்சிக் கூடம் அது வெளிப்பட்ட இடம். கூட இருந்தவர்கள் காலந்தாழ்த்தாமல் கொண்டுபோனதே அவரைக் காப்பாற்றியது.

அரை மணியும் இருபத்துமூன்றரை மணியும்

ஓடும்போது குருதி அமுக்கம் ஏறுகிறது. இதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் ஒருநாளில் 24 மணித்தியாலம் இருக்கிறது. அரை மணித்தியாலம் விளையாடுபவருக்கு அந்த அரை மணியில் அமுக்கம் ஏறி, மீதி இருபத்துமூன்றரை மணியும் முன்பைவிடச் சற்று இறங்கி நிற்கிறது. குருதி அமுக்கம் கூடியவர்கள் ஒழுங்காக வேக நடை, ஓட்டம், நீச்சல் போன்றவற்றைச் செய்துவந்தால் மேல் அமுக்கம் 5 முதல் 8 வரை இறங்குகிறது. ஒரு வில்லை மருந்து செய்யும் வேலைக்கு இது கிட்டத்தட்டச் சமம். சிறு நாடிகளின் சுவரைத் தேய்ப்பது இடைக்கிடை வரும் ஏற்றம் அல்ல, நாள்முழுதும் இறங்காமல் நிற்கும் அமுக்கமே.

32 நாடுகளில் நடத்தி 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பாரிசவாத ஆபத்தில் நூற்றுக்குத் 90 பங்கு நாம் மாற்றக்கூடிய பத்துக் காரணிகளோடு தொடர்புபட்டது என்று கண்டது. முதலிடம் உயர் குருதி அமுக்கத்துக்கு. அடைப்பு வகையைவிடக் குருதிப்பெருக்கு வகைக்கு அதன் தொடர்பு இன்னும் பலமாக இருந்தது. உடலுழைப்பு இல்லாமையும் அந்தப் பத்தில் ஒன்று. ஆகவே பாரிசவாதத்துக்குப் பயந்து விளையாட்டை நிறுத்துபவர், மழைக்குப் பயந்து குடையை வீசுகிறவர்.

மூச்சை அடக்கித் தூக்குவது

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. ஓட்டத்தில் அமுக்கம் படிப்படியாக ஏறுகிறது. மூச்சை அடக்கிப் பெரும் பாரத்தைத் தூக்கும்போது ஒரே பாய்ச்சலாக ஏறுகிறது. 1985இல் கனடாவில் அனுபவமுள்ள உடற்கட்டுப் பயிற்சியாளர்களின் நாடிக்குள் நேரடியாகக் குழாய் வைத்து அளந்தார்கள். இரு காலாலும் பெரும் பாரத்தைத் தள்ளிய வேளையில் சராசரி உச்சம் 320/250. ஓய்வில் இருக்கும்போது நமக்கு 120/80 அளவில் இருக்கவேண்டியது அது. அப்படி முக்கும்போது மண்டையோட்டுக்கு உள்ளேயும் அமுக்கம் கூடுவதால், குழாயின் சுவருக்கு வெளியிலிருந்து ஒரு தாங்கல் கிடைக்கிறது. நல்ல குழாய்கள் இதனால் தப்பிவிடுகின்றன. பலவீனமான குழாயோடு அப்படிப் பரீட்சை பார்க்கக் கூடாது.

ஆகவே பாரம் தூக்குபவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கி வைக்காதீர்கள். குருதி அமுக்கம் கூடியவர்கள் குறைந்த பாரத்தைக் கூடுதல் தடவை தூக்குங்கள். இது பயிற்சிக் கூடத்துக்கு மட்டும் உரியதல்ல. நிறைந்த எரிவாயுச் சிலிண்டரையும் அரிசி மூட்டையையும் தூக்குகிற எல்லோருக்கும் பொருந்தும். மலச்சிக்கலுக்கு மருத்துவம் பார்க்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

பந்தும் அடியும்

இனி நாங்கள் சொல்வது வேறு வகை. இங்கே விளையாட்டே நேரடியாகக் காயத்தை உண்டாக்குகிறது.

2014 நவம்பர் 25ஆம் திகதி சிட்னி மைதானத்தில் அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் பிலிப் ஹியூஸ் 63 ஓட்டங்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது, மேலெழுந்துவந்த பந்து தலைக்கவசத்துக்குக் கீழே கழுத்தில் பட்டது. கழுத்தெலும்பின் ஊடாக மூளைக்குப் போகும் நாடி கிழிந்து மூளையைச் சுற்றிக் குருதி பெருகியது. இரண்டு நாளில், 26ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்க, அவர் காலமானார். கிரிக்கெட்டை யாரும் நிறுத்தவில்லை. கழுத்துக்கும் பாதுகாப்புச் சேர்த்தார்கள். 2023 ஒக்டோபரிலிருந்து அவுஸ்திரேலியாவில் வேகப்பந்துக்கு முகங்கொடுப்பவர் கழுத்துக் காப்பு அணிவது கட்டாயம். ஆபத்து ஒன்று தெரிந்தால் ஆட்டத்தைத் திருத்தவேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

நமது பிள்ளைகள் ஆடுவது வலைப்பந்து, எல்லே, கரப்பந்து. வலைப்பந்தில் தலையோடு தலை மோதுவதும், சீமெந்துத் தரையில் பின்தலை அடிபட விழுவதும் நடக்கும். எழும்பி, "எனக்கு ஒண்டும் இல்லை ரீச்சர்" என்று பிள்ளை சொல்லும். அந்தச் சொல்லை மட்டும் நம்பவேண்டாம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் குருதி கசியும்போது முதலில் தெளிவாக இருந்து, சில மணித்தியாலங்களின் பின் மயங்குவதும் உண்டு. தலையில் பலமாக அடிபட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி ஆடக்கூடாது. குறைந்தது முதல் 24 மணித்தியாலத்துக்காவது ஒருவர் கூட இருக்கவேண்டும். தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வழக்கத்துக்கு மாறாக நித்திரை தூங்கினால், பேச்சுக் குழம்பினால், வலிப்பு வந்தால், இரவு எத்தனை மணியானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குருதி உறையாமலிருக்க வார்பரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் தலையில் சிறிய அடிபட்டாலும் காட்டவேண்டும்.

அந்தத் தலையிடி

இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால், இதைக் கொண்டுபோங்கள்.

விடுதிகளில் நோயாளியின் உறவினரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது: "ரெண்டு நாளைக்கு முன்னம் பெரிய தலையிடி எண்டு சொன்னவ. பனடோல் குடுத்துப் படுக்க வைச்சம்." சிலருக்குப் பெரிய வெடிப்புக்கு முன் சிறு கசிவு ஒன்று நடக்கிறது. அது எச்சரிக்கை மணி. அதை நாம் வெயில் என்போம், பீனிசம் என்போம், பசி என்போம், நாவூறு என்போம். பெண் என்றால் 'அவவுக்கு எப்பவும் தலையிடிதானே' என்று சொல்லிவிடுவோம். பெண்ணும் அப்படியே நினைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள்.

இந்தத் தலையிடியை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய முடியும். சாதாரண தலையிடியும் ஒற்றைத் தலையிடியும் மெல்ல மெல்லக் கூடும். இது இடி விழுந்ததுபோல வரும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டிவிடும். 'வாழ்நாளில் இப்படி ஒரு வலி கண்டதில்லை' என்பார்கள். சத்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்கமுடியாமை, கண் இமை ஒருபக்கம் விழுதல், சிறிது நேர மயக்கம் ஆகியவை கூட வரலாம். மைதானத்தில் வந்தாலென்ன, குசினியில் வந்தாலென்ன, இது அவசரம். வலி தணிந்துவிட்டாலும் அவசரம்தான்.

இதனோடு பாரிசவாதத்தின் பொதுவான அடையாளங்களையும் நினைவில் வையுங்கள். சிரிக்கச் சொன்னால் முகம் ஒருபக்கம் கோணுகிறதா? இரு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று விழுகிறதா? பேச்சுக் குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அம்புலன்ஸ் வரும்வரை செய்யக்கூடாதவை சில இருக்கின்றன. சோடா, கோப்பி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றவேண்டாம். விழுங்க முடியாதவருக்கு அது சுவாசப்பைக்குள் போய்விடும். அஸ்பிரின் கொடுக்கவேண்டாம், நெஞ்சுவலிக்கு உதவும் அதே மாத்திரை, கசியும் குழாயை இன்னும் கசியவைக்கும். அடைப்பா, பெருக்கா என்பதை சி.ரி. ஸ்கான்தான் சொல்லும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வையுங்கள். அதுவே வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி. புடைப்பு வெடித்த தலையிடி என்றால், முதல் 6 மணித்தியாலத்துக்குள் எடுக்கும் ஸ்கானில் கசிவு பெரும்பாலும் தப்பாமல் தெரியும். பிந்தினால் முதுகில் ஊசியிட்டு நீர் எடுத்துப் பார்க்கவேண்டி வரலாம்.

அவசரம் ஏன் என்றால், ஒருமுறை கசிந்த புடைப்பு மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணித்தியாலத்திலேயே அதிகம். அதற்குள் அதை மூடிவிட்டால் ஆள் தப்பலாம். மூடும் வழிகளும் இருக்கின்றன. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் வால்டர் டான்டி 1937இல் புடைப்பின் கழுத்தில் உலோகக் கவ்வி போட்டுக் காட்டினார். 1990இல் இத்தாலிய வைத்தியர் குயிடோ குலியெல்மி, மண்டையோட்டைத் திறக்காமல், நாடி வழியே மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளை உள்ளே விட்டுப் புடைப்பை அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். சிகிச்சை இருக்கிறது. நோயாளி நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

யார் முன்கூட்டிக் கேட்கவேண்டும்?

"அப்படியென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூளை ஸ்கான் எடுக்கலாமே" என்று கேட்பீர்கள். தேவையில்லை. வாழ்நாள் முழுவதும் தொல்லை தராத ஒரு சிறு புடைப்பைக் கண்டுபிடித்து, நல்ல பிள்ளையை நோயாளியாக்கி, நித்திரையையும் கெடுப்பதே பெரும்பாலும் மிஞ்சும். ஆனால் சிலர் வைத்தியரிடம் கட்டாயம் பேசவேண்டும். பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவில் இரண்டு பேருக்கு அல்லது அதற்கு மேல் புடைப்பு வெடித்த குடும்பத்தினர். பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் நோய் உள்ளவர்கள். உடற்பயிற்சியின்போதெல்லாம் திடீர்த் தலையிடி வருபவர்கள். காரணம் தெரியாமல் வலிப்பு வந்த பிள்ளைகள். இவர்களுக்கும் முடிவு பெரும்பாலும் 'விளையாடாதே' என்பதாக இருக்காது. எதை, எவ்வளவு, எப்படி என்று வைத்தியர் வழிகாட்டுவார்.

பழைய மாணவிகளுக்கு

அன்புச் சகோதரிகளே, இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். இந்த மண்டபத்தில் ஆபத்தில் இருப்பவர்கள் முன்வரிசையில் இருக்கும் மாணவிகள் அல்லர். பின்னால் இருக்கும் நாம்தான்.

உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு உயர் குருதி அமுக்கம் இருக்கிறது என்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது வலிக்காது, காய்ச்சல் காட்டாது. அளந்தால் மட்டும் தெரியும். பிள்ளைகளின் தடுப்பூசித் திகதியும் கணவரின் கிளினிக் திகதியும் நமக்கு மனப்பாடம். நமது கடைசி அமுக்க அளவை எத்தனை பேரால் சொல்லமுடியும்? 140/90க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியரைப் பாருங்கள். "இப்ப பிரஷர் நோமல்" என்று மருந்தை நிறுத்தாதீர்கள்; மருந்து எடுப்பதால்தான் நோமல். கர்ப்ப காலத்தில் அமுக்கம் கூடியிருந்தவர்கள் பிள்ளை பிறந்த பின்னும் வருடாவருடம் அளக்கவேண்டும். உப்பு ஒருநாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் ஒரே சாப்பாட்டில் சேர்ந்தால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்று யோசியுங்கள். வீட்டில் புகைப்பவர் இருந்தால் அவரை நிறுத்தச் செய்யுங்கள். புடைப்பு உண்டாகவும் வெடிக்கவும் புகை ஒரு முக்கிய காரணம்.

வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும். நாளுக்கு அரை மணியாக ஐந்து நாள் வேகமாக நடந்தாலே 150 ஆகிவிடும். அதே வேளை, இருபது வருடம் ஓடாமல் இருந்துவிட்டு நூற்றாண்டு வலைப்பந்துப் போட்டியில் நேரே இறங்கி மாணவிகளைத் தோற்கடிக்க நினைக்கவேண்டாம். ஆறு வாரம் முன்பே நடக்கத் தொடங்குங்கள், பிறகு மெதுவாக ஓடுங்கள், அமுக்கத்தை அளந்துவிட்டு வாருங்கள். தோற்றாலும் பரவாயில்லை, அவர்களும் நம் பிள்ளைகள்தான்.

கல்லூரிக்கும் பெற்றோருக்கும்

பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்புத் தேவை. சாதாரண தரப் பரீட்சை வருடம் வந்ததும் நம் பிள்ளைகளுக்கு அது 60இலிருந்து பூச்சியத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்போது விட்டவர்களில் பலர் பிறகு மைதானத்துக்குத் திரும்புவதே இல்லை. நாற்பது வயதில் அவர்களைக் கிளினிக் வரிசையில் நாங்கள் சந்திக்கிறோம். 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாண மண்ணின் பிள்ளை. அவரும் ஒரு வீட்டின் பெண்பிள்ளைதான். அவரை விளையாட விட்டார்கள்.

இறுதியாக நாங்கள் வேண்டுவது நான்கு. மைதானத்துக்கு அருகே 1990 என்ற இலக்கமும், திடீர்த் தலையிடி, முகம், கை, பேச்சு என்ற அடையாளங்களும் பெரிய எழுத்தில் எழுதப்படட்டும். தலையில் அடிபட்ட பிள்ளை அன்றைக்கு ஆடக்கூடாது என்பது, இறுதிப் போட்டியானாலும் மாறாத விதியாகட்டும். சங்கத்தின் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் வாசலில் ஒரு மேசை போட்டு எல்லோருக்கும் அமுக்கம் அளக்கப்படட்டும். கருவியும் ஆளும் நாங்கள் தருகிறோம். நான்காவது தாய்மாருக்கு. பயத்தால் எழுதப்படும் அந்தக் கடிதத்தை எழுதமுன், எங்களில் ஒருவரிடம் கேளுங்கள். பிள்ளைக்கு உண்மையில் தடை இருந்தால் நாங்களே சொல்வோம். இல்லாவிட்டால் காலணியை எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள்.

நூறு வருடத்துக்கு முன் பெண்பிள்ளை படிக்க வருவதையே ஆபத்து என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். அந்தப் பயத்தைத் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளும் பேத்திகளும் நாம். இந்தப் பயத்தையும் அறிந்து, அளந்து, தாண்டுவோம்.